புற ஊதா விளக்கில் கேசினோ சிப்: எது ஒளிர வேண்டும், எது ஒளிரக் கூடாது

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். லாஸ் வேகாஸின் பழைய கேசினோ சிப், அதாவது சூதாட்ட விடுதியில் காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வட்டு, மூன்றை வாங்கியிருக்கிறீர்கள். ரூபாய் நோட்டு பார்க்கும் யுவி (புற ஊதா) டார்ச்சை இருட்டறையில் அடித்ததில், ஒரு சிப்பில் அதுவரை கண்ணுக்குத் தெரியாத எழுத்து பளிச்சிட்டது. 1940களைச் சேர்ந்தது என்று சொல்லி விற்ற இரண்டாவது சிப்பின் நடுக்காகிதம், அதாவது நடுவில் பதித்த அச்சிட்ட காகித வட்டம், வெள்ளை வெளேரென்று எரிந்தது. தங்க எழுத்து பதித்த மூன்றாவது, கரிக்கட்டை மாதிரி கிடந்தது. எது அசல், எது போலி?

இந்த மூன்றில் நான் சந்தேகப்படுவது நடுவிலிருப்பதைத்தான், அந்த வெள்ளையாக எரிந்ததை. அதையும் இப்போதே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. எழுத்து தெரிந்ததே என்று முதலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மூன்றாவதைப் பற்றி உங்கள் டார்ச் எதுவுமே சொல்லவில்லை. அதை அசலுக்கான சான்றாகவும் எடுத்துக்கொள்ள முடியாது, போலிக்கான சான்றாகவும் எடுத்துக்கொள்ள முடியாது.

சிப்பைப் பார்க்கும் முன் டார்ச்சைப் பாருங்கள். சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 395 நானோமீட்டர் அலைநீளம். அடித்தவுடன் அறையே ஊதா நிறமாகிறதா? அப்படியானால் அதுதான். அந்த ஊதா வெளிச்சம் சிப்பின் மேல் பட்டுத் திரும்பி வருவதை ‘ஒளிர்கிறது’ என்று நினைத்துவிடுவோம். மங்கலாக ஒளிரும் சங்கதிகளோ அந்த ஊதாவுக்குள் மூழ்கிப் போகும். வேண்டியது 365 நானோமீட்டர் டார்ச், அதிலும் முகப்பில் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி வைத்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறித்துப் புற ஊதாவை மட்டும் விடும் இந்தக் கண்ணாடிக்கு 1903-லேயே வழி கண்டவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட். இன்றும் அந்த வகைக் கண்ணாடிக்கு அவர் பெயர்தான்.

டார்ச் சரியா என்று பார்க்க வெளியே போக வேண்டாம். பையிலிருக்கும் ரூபாய் நோட்டை எடுங்கள். அதன் எண்கள் ஒளிரும் மையில் அச்சிட்டவை, அவை துலங்க வேண்டும்; பருத்தியில் செய்த நோட்டுத் தாள் மங்கலாகவே இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு சாதாரண ஜெராக்ஸ் தாளை வையுங்கள், அது நீலவெள்ளையாகக் கொழுந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் கண்ணில் அறைந்த மாதிரி தெரிந்தால் டார்ச் தேறியது. 254 நானோமீட்டர் விளக்கு நமக்குத் தேவையில்லை. கிருமி கொல்லும் அந்த விளக்கு கண்ணையும் தோலையும் பொசுக்கிவிடும். 365-ஐக்கூட நேராகக் கண்ணில் அடிக்காதீர்கள், மஞ்சள் கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு இந்த வேலையில் உட்காராதீர்கள். சிரிக்க வேண்டாம், நான் உட்கார்ந்திருக்கிறேன். விளக்கை அடித்ததும் முதலில் எரிவது வேட்டிதான். அது சொட்டு நீலத்தின் வேலை இல்லை, சலவைத்தூளில் கலந்திருக்கும் வெளுப்பூட்டியின் வேலை. புற ஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும் வேதிப்பொருள் அது. மஞ்சளேறிய துணிக்கு அந்த நீலம் ஈடுகட்டுவதால் பகலில் பார்க்க ‘பளிச் வெண்மை’. வேட்டியிலிருந்தோ கைக்குட்டையிலிருந்தோ உதிர்ந்த இழை ஒன்று சிப்பின் மேல் கிடந்தால், நீல நிறத்தில் மயிரிழை மாதிரி மின்னும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதைப் பாதுகாப்பு இழை என்று நினைத்துக் குதிப்பதுண்டு. ஊதிப் பாருங்கள், பறந்துவிடும்.

உங்கள் இரண்டாவது சிப்பின் கதையும் இந்த வெளுப்பூட்டியில்தான் இருக்கிறது. காகித ஆலைகள் இதைப் பரவலாகச் சேர்க்கத் தொடங்கியது 1950களின் தொடக்கத்தில். தபால்தலை, பழைய அஞ்சலட்டை சேகரிப்பவர்களுக்கு இந்தக் கோடு மனப்பாடம். லாஸ் வேகாஸில் கேசினோக்கள் வரிசையாக நிற்கும் ஸ்டிரிப் சாலையின் முதல் விடுதியான எல் ராஞ்சோ வேகாஸ் 1941-ல் திறந்தது, 1960-ல் தீயில் போனது. ஃபிளமிங்கோ 1946 டிசம்பர் 26-ல் திறந்தது. அந்தத் தொடக்க ஆண்டுகளின் சிப் என்று ஒருவர் கொடுத்து, அதன் நடுக்காகிதம் ஜெராக்ஸ் தாளைப் போல எரிந்தால், அந்தக் காகிதம் அந்தக் காலத்துக் காகிதம் இல்லை என்றே தொடங்க வேண்டும்.

ஆனால் இது ஒருவழிப் பாதை. எரிந்தால் சந்தேகப்படலாம், எரியாவிட்டால் எதையும் நிரூபித்ததாகாது. வெளுப்பூட்டி சேர்க்காத தாள் இன்றும் கிடைக்கிறது, போலி செய்பவனுக்கும் அது கிடைக்கும். நடுக்காகிதத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருந்தால், அது புற ஊதாவைப் பாதியிலேயே குடித்துவிட்டுக் காகிதத்தை இருட்டில் விடவும் கூடும். இதே டார்ச்சோடு ஹவானா சிப்களை நம்பி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கியூபாவின் கேசினோக்கள் 1959 புரட்சியை அடுத்துச் சீக்கிரமே முடிந்த கதை. அங்கே ஹவானா ரிவியேரா விடுதி திறந்ததே 1957 டிசம்பரில்தான். அந்தச் சில வருடச் சிப்புக்கு இருக்கும் கிராக்கியால் போலிக்கும் கிராக்கி. அது 1957-ல் செய்த சிப் என்பதால் காகிதம் எரிந்தாலும் குற்றமில்லை, எரியாவிட்டாலும் குற்றமில்லை. வெளுப்பூட்டிச் சோதனை அங்கே செல்லாது.

இனி, ஏன் உடனே தூக்கிப் போடக் கூடாது என்பதற்கு என் சொந்த அசட்டுத்தனம். தொடங்கிய புதிதில் மொத்தமாக ஒரு குவியல் சிப் வாங்கினேன். பலரது விரல் அழுக்கும் சிகரெட் கறையும் ஏறி, ஓரமெல்லாம் கறுத்திருந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் வீட்டுச் சலவைத்தூளைக் கரைத்து ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். காய்ந்ததும் அருமையாக இருந்தன. அன்றிரவு விளக்கை அடித்தால் குவியல் முழுக்க நீலவெள்ளை! விற்றவரைத் திட்டி ஒரு நீண்ட கடிதமே எழுதி வைத்துவிட்டேன், நல்லவேளை அனுப்பவில்லை. மறுநாள் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒளி இருந்த இடங்கள்: அச்சின் பள்ளங்கள், ஓரப் பட்டைகளின் இணைப்புக் கோடுகள், நடுக்காகிதத்தின் விளிம்பில் தண்ணீர் ஊறிப் போன ஒரு மில்லிமீட்டர். காகிதத்தின் நடுப்பகுதி இருட்டாகத்தான் இருந்தது. வெளுப்பூட்டி என்பதே பருத்தி நாரைப் பிடித்துக்கொள்வதற்காகச் செய்தது. காகிதமும் அதே நார். நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசியதில் பள்ளங்களில் இருந்தது போயிற்று; காகித விளிம்பில் ஏறியது இன்றுவரை போகவில்லை.

அதனால் உங்கள் சிப்பை ஒரு பூதக்கண்ணாடி வைத்து மறுபடி பாருங்கள். ஒளி வட்டம் முழுக்க ஒரே சீராக, அச்சிட்ட மையின் இடைவெளிகளில் எல்லாம் இருக்கிறதா? அப்படியானால் ஒளிர்வது காகிதமேதான். விளிம்பில் மட்டும் திட்டுத்திட்டாக இருக்கிறதா? யாரோ கழுவியிருக்கிறார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதுதான் மோசமானது: காகிதத்தைச் சுற்றி மெல்லிய வளையம் மாதிரி ஒளி. அது பசை.

இதைப் புரிந்துகொள்ள சிப் செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ‘கிளே’ சிப் என்கிறோமே தவிர, அது குயவர் மண் இல்லை. கனிமத் தூளும் பிணைப்புப் பொருளும் கலந்த கலவை. அந்த வட்டை அச்சில் வைத்து, நடுவில் அச்சிட்ட காகித வட்டத்தை இட்டு, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே வேளையில் நெரிப்பார்கள். காகிதம் சிப்பின் உடம்போடு ஒன்றாகிவிடும், விரல் நகத்தால் வருடினால் படி தட்டாது. சேகரிப்பவர்கள் இந்தக் காகித வட்டத்தை இன்லே என்பார்கள். போலிக்காரன் இந்த வேலையைச் செய்ய முடியாது, அவனிடம் அச்சும் இல்லை அழுத்த எந்திரமும் இல்லை. அவன் மலிவான அசல் சிப் ஒன்றை எடுத்து, நடுவைக் கடைந்தெடுத்துவிட்டு, விலை போகும் கேசினோவின் பெயரை அச்சிட்டு ஒட்டுவான். உடம்பு அசல், எடை அசல், ஓரத்து அச்சு அசல், முகம் மட்டும் போலி. இந்த மாதிரி ஆளிடம்தான் புற ஊதா விளக்கு தன் கூலிக்கு வேலை செய்கிறது. எப்பாக்ஸி மாதிரிப் பசைகள் நீலவெள்ளையாக ஒளிரும், துடைத்தாலும் விளிம்பில் நூல் மாதிரி மிச்சம் நிற்கும்.

சரி, உங்கள் முதல் சிப்புக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியாத மையில் கேசினோவின் பெயரோ, முத்திரையோ, தயாரிப்பாளரின் குறியோ இன்லேயில் அச்சிடுவது பிற்காலப் பழக்கம். 1963-ல் பால் எண்டி தொடங்கிய பால்சன் நிறுவனம், உலோக நடுவும் பிளாஸ்டிக் உடம்புமாகச் சிப் செய்த பட் ஜோன்ஸ், பிரான்ஸின் போன் நகரத்து பூர்கோஞ் எ கிராஸே, இந்த மூன்றும் 2002-ல் ஒரே நிறுவனமாயின. பால்சன் சிப்பை ஓரத்தில் சுற்றி ஓடும் தொப்பியும் கைத்தடியும் அச்சை வைத்து எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். உங்கள் சிப்பில் அந்த அச்சு இருந்து, ஒளிரும் எழுத்தும் இருந்தால், விற்றவர் சொன்ன வருடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 1950களின் சிப் என்று சொல்லிக் கொடுத்ததில் கண்ணுக்குத் தெரியாத மையின் குறி தெரிந்தால், குறி இருப்பதே குற்றச்சாட்டு ஆகிவிடும்.

குறி மட்டும் போதுமா? போதாது. கண்ணுக்குத் தெரியாத மை ஒன்றும் ராணுவ ரகசியம் இல்லை, யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நல்ல குறியைக் கெட்ட குறியிலிருந்து பிரிப்பது அதன் விளிம்பு. அசலில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருக்கும், எழுத்து படலத்துக்கு அடியில் இருக்கும். போலியில் மை மேலே கிடக்கும். சிப்பைச் சாய்த்து, அதே டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்தி அடித்தால் மையின் மேடு தெரிந்துவிடும். ரப்பர் முத்திரை குத்தியிருந்தால் எழுத்தின் நடுப்பகுதி வெளிறியும் ஓரத்தில் மை திரண்டும் இருக்கும். தாலுகா ஆபீஸ் சீல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய விஷயமில்லை.

கேசினோக்காரர்களே இந்தக் குறியை எவ்வளவு நம்புகிறார்கள் என்பது சுவாரசியமான விஷயம். மேசையில் சீட்டுப் போடுபவர் ஒவ்வொரு சிப்பையும் விளக்கில் காட்டிக்கொண்டிருக்க முடியாது. பணம் மாற்றும் கூண்டில் பெரிய தொகை வரும்போதுதான் சோதனை. 2014 ஜனவரியில் அட்லாண்டிக் சிட்டியின் போர்கட்டா விடுதியில் நடந்த போக்கர் போட்டியில், ஓர் ஆட்டக்காரர் சீனாவிலிருந்து வரவழைத்த போலிச் சிப்களை உள்ளே நுழைத்தார். 27 பேர் மிஞ்சியிருந்த நிலையில் போட்டியை நிறுத்தினார்கள். பயந்துபோனவர் மிச்சமிருந்த சிப்களை, முகமதிப்பில் 27 லட்சம் டாலர், தான் தங்கியிருந்த வேறொரு விடுதியின் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டார். குழாய் அடைத்துக்கொண்டது, கீழ் அறைகளில் ஒழுகியது. அவரைக் காட்டிக்கொடுத்தது புற ஊதா விளக்கு இல்லை, குழாய். ஐந்து வருடச் சிறை கிடைத்தது.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. 2010 டிசம்பரில் தலைக்கவசம் மாட்டிய ஒருவன் லாஸ் வேகாஸின் பெல்லாஜியோ விடுதியில் துப்பாக்கி காட்டி 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சிப்களை அள்ளிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனான். அத்தனையும் அசல், எந்த விளக்கில் காட்டினாலும் அசல். விடுதிக்காரர்கள் அந்த வகை 25,000 டாலர் சிப்பை வழக்கத்திலிருந்தே நீக்கி, 2011 ஏப்ரல் 22-க்குள் மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். உள்ளே ரேடியோ சில்லு வைத்த சிப் வந்த பிறகு நம் டார்ச்சுக்கு இன்னும் வேலை குறைந்துவிட்டது. வின் லாஸ் வேகாஸ் விடுதி 2005-ல் திறந்தபோதே அத்தகைய சிப்களோடுதான் திறந்தது. ஆக, இந்த விளக்கு இப்போது கேசினோவை விடச் சேகரிப்பவனுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது.

உங்கள் மூன்றாவது சிப்பில் எழுத்து தங்க ஃபாயிலைச் சூடாக அழுத்திப் பதித்தது. ஹாட் ஸ்டாம்ப் என்பார்கள். இதில் காகிதமே இல்லை, அதனால் வெளுப்பூட்டிக்கு இடமில்லை. உலோகப் பூச்சு ஒளிராது. பழைய கிளே உடம்பும் பெரும்பாலும் மங்கல்தான். அது கரிக்கட்டையாகக் கிடப்பது இயல்பு. சிக்கல் எங்கே என்றால், எழுத்து பதிக்காத பழைய வெற்றுச் சிப்கள் இன்றும் கைமாறுகின்றன. அதில் நேற்றுப் பதித்த பெயரும் அதே கரிதான். இதற்கு வெள்ளை வெளிச்சத்தில் பூதக்கண்ணாடிதான் மருந்து. பல வருடம் மேசையில் உரசிய சிப்பில், பதித்த எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் அழுக்கு இறங்கியிருக்கும். ஓரம் தேய்ந்த அளவுக்கு எழுத்தும் தேய்ந்திருக்கும். உடம்பு மழுங்கி எழுத்து மட்டும் புதுத்தாலி மாதிரி மின்னினால் விலையைப் பாதியாகக் கேட்காதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள்.

ஓரத்தில் இருக்கும் வண்ணப் பட்டைகளையும் விட்டுவிடாதீர்கள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். நல்ல கிளே சிப்பில் அவை பூசியவை அல்ல. வேறு நிறக் கலவையைத் துண்டாக வைத்து நெரித்தவை, முகத்தில் தொடங்கி விளிம்பு வழியாக மறுமுகம் வரை ஒரே துண்டாக ஓடும். அந்த நிறம் ஒளிரும் வகையாக இருந்தால், முகத்திலும் விளிம்பிலும் ஒரே மாதிரி ஒளிர வேண்டும். முகத்தில் ஆரஞ்சாக எரிந்து விளிம்பில் செத்துக் கிடந்தால் அது வண்ணம் தீட்டியது. விதிவிலக்கு ஒன்று: ஒளிரும் நிறமிகள் வெயிலில் சீக்கிரம் சாகும். சட்டகத்தில் மாட்டி ஜன்னல் பக்கம் வைத்திருந்த சிப்பின் ஒரு முகம் மங்கியும் மறுமுகம் கொழுந்துவிட்டும் இருக்கும். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. பகலில் இரண்டு முகமும் ஒன்று போலவே தெரியும், விளக்கில் பகலும் இரவும்.

எண்ணெய் பற்றியும் ஒரு வரி. பழைய சிப்புக்கு மெருகு வர எண்ணெய் தடவுவது வழக்கம். தையல் மெஷினுக்கு விடும் மாதிரி எண்ணெய் நீலமாக ஒளிரும், குழந்தைக்குத் தடவும் சுத்திகரித்த மினரல் ஆயில் அநேகமாக ஒளிராது. முகம் முழுக்க மங்கலான நீலப் படலம் தெரிந்து, பஞ்சால் அழுத்தித் துடைத்ததும் குறைந்தால், எண்ணெய்தான்.

‘பழைய தந்தச் சிப்’ என்று யாராவது காட்டினாலும் இதே விளக்கை எடுக்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் போக்கர் சிப்களைத் தந்தத்தில் செதுக்கினார்கள். தந்தம் நீலம் கலந்த வெள்ளையாக ஒளிரும், பிளாஸ்டிக் போலிகள் புற ஊதாவை உறிஞ்சி மங்கிய நீலமாக நிற்கும். எலும்பும் தந்தம் போலவே ஒளிர்வதால் அதோடு முடிவு கட்ட முடியாது. தவிர, இந்தியாவில் தந்த வியாபாரமே சட்டவிரோதம். வாங்குகிற எண்ணம் இருந்தால் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஒற்றைச் சிப்பை இருட்டில் பார்ப்பதில் பாதிக்குப் பாதிதான் பயன். அதே கேசினோவின், அதே வெளியீட்டின், சந்தேகமற்ற சிப் ஒன்றை நம்பகமான சேகரிப்பாளரிடம் இரவல் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக எடுங்கள். தனித்தனிப் படம் வேண்டாம். செல்போன் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றும், மங்கல் ஒளியைக்கூட இழுத்துப் பிரகாசமாக்கிவிடும். வெளிச்ச அளவையும் வண்ணச் சமநிலையையும் பூட்டிவிட்டு, ஓரத்தில் அந்த ரூபாய் நோட்டையும் ஒரு துண்டு ஜெராக்ஸ் தாளையும் வைத்து எடுத்தால், பார்ப்பவருக்கு ஒரு அளவுகோல் கிடைக்கும்.

விளக்கை எடுக்கும் முன்பே முடிந்துவிடும் சோதனைகளும் உண்டு. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் சாதாரண மேசைச் சிப்பின் குறுக்களவு 1.55 அங்குலம், அதாவது சுமார் 39.4 மில்லிமீட்டர். பால்சன் கிளே சிப் சுமார் 10 கிராம். வீட்டில் விளையாட விற்கும் 11.5 கிராம் பிளாஸ்டிக் சிப்பில் எடைக்காக உள்ளே இரும்புத் தகடு இருக்கும், காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கும் காந்தமே போதும். அதில் ஒட்டிய சிப்பைக் கிளே என்று சொல்லிக் கொடுத்திருந்தால், யுவி டார்ச்சுக்கு பேட்டரி செலவழிக்க வேண்டியதில்லை.

உங்கள் இரண்டாவது சிப்பை இன்னும் கழுவாமல் அப்படியே வையுங்கள். விற்றவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதை நீங்களோ உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவரோ எதிலாவது ஊறவைத்தீர்களா?” பதில் என்னவாக இருந்தாலும், இன்லேயின் நட்ட நடுவையும் விளிம்பையும் நெருக்கத்தில் இரண்டு படம் எடுத்து, இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள். நடுவிலும் அதே நீலவெள்ளை இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கும் கடிதத்தை எழுத நான் உதவுகிறேன். ஒன்று ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறேனே.